தலைக் கணக்கு

எண்ணிக்கை ஒன்றைச் சொல்லிவிட்டால் வாதமே முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அமெரிக்காவின் பைசன் மாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர்கள் பாடு கொண்டாட்டம்தான். "இன்று ஏறத்தாழ 5 லட்சம் இருக்கின்றன, ஒரு காலத்தில் ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. பிறகென்ன? ஒரு குளிர்காலத்தில் ஓராயிரத்தைச் சுட்டால் குடி முழுகிப் போய்விடுமா?" என்று கேட்கிறார்கள். குடி முழுகித்தான் போகிறது என்பது என் கட்சி.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் காட்டுமாட்டையும் பழைய துரைமார்கள் 'பைசன்' என்றே எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அது வேறு, இது வேறு. நான் சொல்வது தோளில் திமிலும் முகத்தில் தாடியுமாக, வட அமெரிக்கப் புல்வெளிகளில் திரிந்த பிராணியை.

முதலில் அந்த 5 லட்சத்தைப் பார்த்துவிடலாம். அதில் மிகப் பெரும் பகுதி, தனியார் பண்ணைகளில் வேலிக்குள் இறைச்சிக்காக வளர்க்கப்படுவது. அதையும் காட்டு மிருகக் கணக்கில் சேர்ப்பது, கோழிப் பண்ணையை எண்ணிக் காட்டிவிட்டுக் காட்டுக்கோழிக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்வது போலத்தான். ஓநாய்க்கும் பனிக்கும் ஈடு கொடுத்து, ஆதி காலத்திலிருந்து வம்சம் அறாமல், இருந்த இடத்திலேயே இருந்து வரும் மந்தை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மட்டுமே உண்டு. அது லட்சக் கணக்கு அல்ல, சில ஆயிரம்.

அந்தச் சில ஆயிரமும் எப்படிப் பிழைத்தன என்பது தெரிந்தால் தலைக் கணக்குக்காரர்கள் கொஞ்சம் அடங்குவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைசன்கள் கோடிக் கணக்கில் இருந்தன; 3 கோடி என்பது அடக்கமான மதிப்பீடு. 1870-ஐ ஒட்டி அந்தத் தோலைப் பதப்படுத்தித் தொழிற்சாலை யந்திரங்களுக்கு வார் செய்யும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. ரயில் பாதை வேறு புல்வெளிக்குள் நுழைந்தது. அவ்வளவுதான், தெற்கு மந்தை 1870-களிலும் வடக்கு மந்தை 1883-க்குள்ளும் தீர்ந்தன. பிறகு எலும்புகளைப் பொறுக்கி உரத்துக்கும், சர்க்கரை வெளுக்கவும் ரயிலேற்றினார்கள். 1889-ல் வில்லியம் ஹார்னடே என்பவர் எண்ணிப் பார்த்தபோது, அடைபட்டவை, அலைபவை எல்லாம் சேர்த்து 1,091.

இது அறியாமையால் நடந்த தவறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண் மாடுகளைக் கொல்லக் கூடாது என்று 1874-ல் அமெரிக்கக் காங்கிரஸின் இரு சபைகளும் மசோதா நிறைவேற்றின. ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போடாமல் அதைச் சாகவிட்டார். அதற்கு முந்திய ஆண்டு அறிக்கையிலேயே உள்நாட்டு மந்திரி டெலானோ, பைசன் அடியோடு மறைந்தாலும் தாம் பெரிதாக வருந்தப் போவதில்லை என்று எழுதியிருந்தார். பூர்வகுடிகளை அடக்க அது ஒத்தாசை என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே பலித்தது. 1883-84 குளிர்காலத்தில் மொன்டானாவில் பிளாக்ஃபீட் மக்கள் சுமார் 600 பேர் பட்டினியால் மாண்டார்கள்.

மசோதா பெண் மாட்டைக் குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பைசன் பசு மூன்று வயதில்தான் முதல் கன்று ஈனும். ஒரு ஈற்றுக்கு ஒரு கன்று. அதோடு மந்தையை நடத்திச் செல்வதும் பெரும்பாலும் வயதான பசுதான். எந்த மாதத்தில் எந்தப் பள்ளத்தாக்கில் புல் துளிர்க்கும், எந்தத் திசையில் பனி ஆழம் குறைவு என்பதெல்லாம் அதற்குத் தெரியும். தோல் வேட்டைக்காரர்களும் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். தொலைவில் படுத்துக்கொண்டு தலைவிப் பசுவின் நுரையீரலில் ஒரு குண்டு. அது ஓடாது, ரத்தம் கக்கிக்கொண்டு நின்றுவிடும். மற்றவை என்ன செய்வதென்று தெரியாமல் அதைச் சுற்றி நின்று முகர்ந்து பார்க்கும். அவற்றில் எது துணிந்து வேறு பக்கம் நடக்கத் தொடங்குகிறதோ, அதற்கு அடுத்த குண்டு. இப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி டஜன் கணக்கில் கொன்றார்கள். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மந்தையில் யார் வழி காட்டுகிறதோ அதைக் கொன்றால் மற்றவை உயிரோடிருந்தும் மந்தையாக இருப்பதில்லை.

துப்பாக்கி செய்யும் இன்னொரு காரியம், மிருகங்களின் இருப்பிடத்தையே மாற்றிவிடுவது. யெல்லோஸ்டோனின் கடைசிப் பைசன்கள் பெலிகன் பள்ளத்தாக்குப் பக்கம் ஒண்டியிருந்தன. அங்கே மேய்ச்சல் நன்றாக இருந்தது என்பதாலா? அதெல்லாம் இல்லை, திருட்டு வேட்டைக்காரன் எளிதில் போக முடியாத பனிக்காடு அது. அங்கேயும் போனார்கள். 1894-ல் எட்கர் ஹோவல் என்பவனைக் கையும் மாடுமாகப் பிடித்தபோது, அவனைத் தண்டிக்கச் சட்டமே இல்லை. பூங்காவைவிட்டுத் துரத்தத்தான் முடிந்தது. பத்திரிகைகள் கூச்சல் போட்ட பிறகு அந்த ஆண்டு மே மாதம் சட்டம் வந்தது. ஆனாலும் 1902-ல் பூங்காவில் எஞ்சியவை சுமார் இரண்டு டஜன்.

ஐரோப்பாவிலும் இதே கதை. பியாலோவியெஸா காட்டில் முதல் உலக யுத்தத்தின் முடிவிலும், காக்கஸஸ் மலையில் 1927-லும் காட்டுப் பைசன் தீர்ந்துபோயிற்று. மிருகக் காட்சிசாலைகளில் கிடந்தவற்றில் 12 மாடுகளின் வாரிசுகளைக் கொண்டே அந்த இனத்தை மீட்டார்கள். அதைக் காட்டு விலங்கு என்று எண்ணிக் காட்டிலேயே விட்டும் வந்தார்கள். உண்மையில் அது வெளியில் மேய்ந்த பிராணி, மனிதனுக்குப் பயந்து மரங்களுக்குள் ஒளிந்த அகதி என்று இப்போது சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். துப்பாக்கி விரட்டிய இடத்தையே மிருகத்தின் சொந்த ஊர் என்று பட்டா எழுதிக் கொடுத்துவிடுகிறோம்!

இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். பனி அதிகமான ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் பைசன்கள் மேட்டு நிலத்தை விட்டு வடக்கே, மொன்டானாவின் கார்டினர் ஊர்ப் பக்கம் இறங்குகின்றன. பூங்காவின் எல்லையைத் தாண்டியதும் பீட்டி கல்ச் என்ற ஒரு சிறு நிலம். வேட்டைக்காரர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். 2022-23 குளிர்காலத்தில் பூங்காவிலிருந்து வெளியேறிய பைசன்களில் 1,000-க்கு மேற்பட்டவை வேட்டையில் விழுந்தன. பிடித்து அகற்றியவற்றையும் சேர்த்தால் 1,500-ஐத் தாண்டும். மொத்தம் சுமார் 6,000 இருந்த மந்தையில் கால் பங்கு ஒரே பருவத்தில் போயிற்று.

"மிச்சம் முக்கால் பங்கு இருக்கிறதே, கன்று போட்டு நிரப்பிவிடும்" என்கிறார்கள். நிரப்பும், நான் மறுக்கவில்லை. ஆனால் செத்தது எந்தக் கால் பங்கு? வெளியே நடக்கத் துணிந்த கால் பங்கு! பிழைத்தது, உள்ளேயே தங்கியதும் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடியதும். ஆண்டுதோறும் வழி தெரிந்தவற்றை வாசலிலேயே கொன்றுகொண்டிருந்தால் கன்றுக்கு வழி சொல்லிக் கொடுக்க யார் இருப்பார்கள்? புது இடத்தில் கொண்டுபோய் விடப்பட்ட மலை ஆடுகள், பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்வதைக் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின என்று 2018-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. அந்த அறிவு தாயிடமிருந்து கன்றுக்கு வருகிறதே தவிர ரத்தத்தில் பிறப்பதில்லை. பைசனுக்கு மட்டும் தனி விதி இருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பழைய தோல் வேட்டைக்காரன் தெரிந்து செய்ததை இன்று சர்க்கார் ஏற்பாடு தெரியாமல் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் வெளியே விடக் கூடாது என்று கேட்டால், நோயைச் சொல்கிறார்கள். புரூசெல்லோசிஸ் என்று மாடுகளுக்குக் கரு கலையச் செய்யும் ஒரு நோய். பைசனுக்கு அது வந்ததே குடியேறிகளின் வீட்டு மாடுகளிடமிருந்துதான்; 1917-லேயே பூங்காவில் கண்டுபிடித்தார்கள். அந்த வட்டாரத்தில் சமீப காலத்தில் பண்ணை மாடுகளுக்கு அது தொற்றியது எல்க் மான்களிடமிருந்து என்று 2017-ல் அமெரிக்க விஞ்ஞான அகாதமிகளின் குழு சொல்லிவிட்டது. எல்க் மானோ தன் இஷ்டப்படி திரிகிறது! நோய்தான் காரணம் என்றால் மானுக்கு ஒரு நீதி, மாட்டுக்கு ஒரு நீதி எப்படி வரும்? பைசன் புல்லைத் தின்கிறது, வேலியை முறிக்கிறது, பண்ணைக்காரருக்குப் போட்டி. இதை நேராகச் சொல்லிவிட்டால் நேராகவே வாதாடலாம்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். பீட்டி கல்ச்சில் சுடுகிறவர்களில் பலர் பூர்வகுடிகள். 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் அவர்களுக்குக் கொடுத்த உரிமை அது. யாருடைய சோற்றுக்காகப் பைசனை அழித்தார்களோ, அவர்களிடம் போய் "நீ சுடாதே" என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. அவர்கள் பாட்டன்மார் வேட்டையாடிய புல்வெளி மாகாணம் மாகாணமாக விரிந்து கிடந்தது. இன்று அவர்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு வாய்க்கால் அகல நிலம். அதில் மாடும் நெருங்கி, மனிதனும் நெருங்கி நடப்பதை வேட்டை என்று சொல்வதே அவர்களுக்கு அவமானம். குற்றம் துப்பாக்கி பிடித்தவர்கள் மேல் அல்ல, இவ்வளவுதான் இடம் என்று கோடு கிழித்தவர்கள் மேல்.

வேட்டைக்காரர்கள்தான் பைசனைக் காப்பாற்றினார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. அதிலும் பாதி உண்மை. ஹார்னடேயே 1886-ல் மியூசியத்துக்காக இருபதுக்கு மேல் சுட்டவர். பிறகு 1905-ல் பைசன் சங்கம் தொடங்கி, இரண்டு ஆண்டில் நியூயார்க்கிலிருந்து 15 மாடுகளை ஓக்லஹோமாவுக்கு அனுப்பி வைத்தவரும் அவர்தான். நன்றி சொல்கிறேன். ஆனால் அவர்கள் காப்பாற்றியது விதையை. விதை நெல்லைப் பத்திரப்படுத்திவிட்டு வயலை மறந்துவிட்டால் அது விவசாயமா?

2016-ல் பைசனைத் தேசியப் பாலூட்டி என்று அமெரிக்கா சட்டம் போட்டுக் கௌரவித்தது. சரி. அந்தத் தேசியப் பாலூட்டிக்குத் தேசத்தில் நடக்க இடம் உண்டா? 2024-ல் பூங்கா நிர்வாகம் 3,500 முதல் 6,000 வரை வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டது. அதையே அதிகம் என்று மொன்டானா மாநிலம் கோர்ட்டுக்குப் போயிற்று. மறுபடியும் தலைக் கணக்கு!

செய்ய வேண்டியது என்ன என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. எல்லைக்கு வெளியே குளிர்கால மேய்ச்சல் நிலத்தைப் பைசனுக்கும் திறந்துவிட வேண்டும். வேட்டையை ஒரே வாசலில் குவிக்காமல் பரந்த நிலத்தில் பரப்ப வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பசுக்களைக் குளிர்காலக் கடைசியில் சுடுவதை நிறுத்த வேண்டும். 2019 முதல் நோயற்ற பைசன்களை உயிரோடு ஃபோர்ட் பெக் பூர்வகுடிகளுக்கு அனுப்பி, அங்கிருந்து மற்ற குடிகளுக்கும் கொடுத்து வருகிறார்களே, அதைப் பெருக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்துவிட்டு அப்புறம் எத்தனை தலை என்று எண்ணட்டும். அதுவரை, எல்லைக் கோட்டில் உட்கார்ந்துகொண்டு மிச்சத்தை எண்ணிக் காட்டுகிறவர்களின் புள்ளி விவரம் எதையும் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.