குடிபோதையில் மோதினால் இன்சூரன்ஸ் கிடைக்காதா?

விபத்து நடந்த சூட்டோடு சமரசப் பேச்சு தொடங்கிவிடுகிறது. "வண்டி ஓட்டியவர் குடித்திருந்தார், இன்சூரன்ஸ் வராது. கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். சம்பாதித்தவரைப் பறிகொடுத்த குடும்பமும் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

குடித்தது ஓட்டுநரின் குற்றம். அதற்காக அடிபட்டவரின் உரிமை பறிபோகாது. காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும். பிறகு அதை ஓட்டுநரிடமும் உரிமையாளரிடமும் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் இரண்டு வழக்குகள் உண்டு. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் போலீஸ் வழக்குத் தொடரும். அந்த அபராதம் அரசுக்குப் போகும். இழப்பீட்டுக்கு, 166-ஆம் பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நாம்தான் மனுச் செய்ய வேண்டும். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நாம் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு 6 மாதக் கெடு வைத்துள்ளது. எனவே தாமதிக்கக் கூடாது.

மோதிவிட்டுத் தப்பிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் அரசின் திட்டத்தில் உண்டு.

எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனை ரசீதுகள், வருமானச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஓட்டுநருக்கு மது பரிசோதனை நடந்ததா என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கு இலவச உதவி உண்டு.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். அந்தப் பணம் பிள்ளைகளின் எதிர்காலம்.