பெயரை மாற்றினால் போதுமா?

2018இல் மன்னார் நகரில் சதொச வளாகத்தில் மனித எச்சங்களைத் தோண்டியெடுத்துக்கொண்டிருந்த மாதங்களில், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைத் தேடி ஊடகவியலாளர்களும் ஆய்வாளர்களும் வந்துகொண்டேயிருந்தார்கள். நானும் போனேன். கரையோரக் கிராமமொன்றில் ஒரு அம்மா இரண்டு மணித்தியாலம் பேசினார். கட்டுரையில் அவருடைய பெயரை மாற்றினேன், ஊரின் பெயரை எழுதவில்லை. ஆனால் மகன் கொண்டுசெல்லப்பட்ட ஆண்டு, கணவரின் தொழில், முற்றத்தில் கிடந்த ஒரு பொருள் (எதுவென்று இங்கே சொல்லப்போவதில்லை) எல்லாவற்றையும் எழுதினேன். அவைதான் கட்டுரைக்கு உயிர் என்று நினைத்தேன்.

மறுமுறை போனபோது அவர் ஏசவில்லை. "ஆரெண்டு ஊருக்கே விளங்கிச்சுது தம்பி. ரெண்டு பேர் வந்து, என்ன சொன்னனீங்கள் எண்டு கேட்டிட்டுப் போனவை" என்றார். தேத்தண்ணியும் தந்தார்.

ஊடகக் கற்கையில் எங்களுக்குச் சொல்லித்தந்தது சம்மதப் படிவமும் புனைபெயரும்தான். நூறு குடும்பங்கள் உள்ள ஊரில் புனைபெயர் யாரையும் மறைக்காது. படிவமோ இன்னும் மோசம். ஆணைக்குழுக்களுக்கு எத்தனையோ கடதாசி நிரப்பிய சனத்துக்கு, கையெழுத்துக் கேட்கும் இன்னொரு கடதாசி மகனைப் பற்றிய இன்னொரு நம்பிக்கை. இதனால் மகனைப் பற்றி எதுவும் தெரியவராது என்று முதலிலேயே சொல்லும் ஆய்வாளர்கள் மிகச் சிலர். நானும் சொல்லவில்லை.

மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம், 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண் எந்தத் தாயின் வாக்குமூலத்திலும் தங்கியிருக்கவில்லை. 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் 429,059 பேர். 2009 ஜூலையில் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்திருந்தோர் 282,380 பேர். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார், அவ்வளவுதான். எந்தக் குடும்பத்தையும் காட்டிக்கொடுக்காத கேள்வி அது. அதற்கே அவரைக் குற்றப் புலனாய்வுப் பிரிவினர் 2012இல் விசாரித்தார்கள். ஆயருக்குப் பின்னால் திருச்சபை நின்றது. நாங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்க் குந்துகிற வீடுகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

கதையே எழுதக்கூடாது என்று சொல்லவரவில்லை. எண்ணுக்கு முகம் வேண்டும். ஆனால் இப்போது எழுதியதை அனுப்பமுன் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுகிறேன். சிலர் பாதியை வெட்டச் சொல்வார்கள். வெட்டுப்படுவது பெரும்பாலும் எனக்குப் பிடித்த பாதி.

அந்த அம்மா அகற்றச் சொன்னவற்றைப் பழைய கட்டுரையிலிருந்து அகற்றிவிட்டோம். அதை மறுபிரசுரம் செய்த வேறு தளங்களில் அவை இன்னும் அப்படியே கிடக்கின்றன.