செம்பவாங்கும் நெய்தல் நிலமே

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். பகுத்த ஒவ்வொன்றையும் ஒரு பூவின் பெயராலோ மரத்தின் பெயராலோ அழைத்தனர். நிலத்தைக் கண்ணால் கண்டு, காலால் மிதித்து, ஆங்கு வாழும் உயிர்களோடு பழகிய பின்னரே அவர்கள் இலக்கணம் வகுத்தனர். இன்று சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வகுப்புகளில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும், தெய்வம் வருணன், மக்கள் பரதவர், சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். இவ்வளவையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டால் மாணவன் நெய்தலைக் கற்றவன் ஆகிவிடுகிறான். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் அவன் வாழ்கிறான் என்பது அவனுக்கும் நினைவில்லை. அவனுடைய ஆசிரியருக்கும் நினைவில்லை.

“அடுக்குமாடி வீடுகளும் விரைவுச்சாலைகளும் நிறைந்த இந்நகரில் நெய்தல் எங்கே இருக்கிறது?” என்று வினவுவோர் உண்டு. அன்னோர் ஒருமுறை செம்பவாங் வரை சென்று வருதல் நலம். அவ்வூர்ப் பெயரே ஒரு மரத்தின் பெயர். திணைகளுக்குப் பெயரிட்ட முறைக்கு இதனினும் நெருங்கிய உறவு வேறு யாது வேண்டும்? 1938-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் அங்குத் திறக்கப்பட்டது. அதன் கப்பல் பட்டறையில் உழைத்தோருள் தமிழரும் மலையாளிகளும் பலர். 1968-இல் அப்பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. தளம் போயிற்று, கரை போகவில்லை. இத்தீவில் எஞ்சியுள்ள மிகச் சில இயற்கைக் கடற்கரைகளுள் ஒன்று இன்றும் செம்பவாங் பூங்காவின் ஓரத்தில் கிடக்கிறது. அதன் முன்னே ஜொகூர் நீரிணை. கிழக்கே காத்திப் போங்சுவின் கண்டற்காடு. மேற்கே மண்டாய்ச் சேற்றுத்திடல். இயற்கைப் பூங்காவாகக் காக்கப்படும் என 2018-இல் அறிவிக்கப்பட்ட அத்திடலின் பரப்பு 72.8 ஹெக்டேர்.

இத்திடல்களின் அருமையை அறிந்தவர் யார்? நெய்தற் பாடல்களுக்கு உரை சொல்லும் தமிழாசிரியர் அல்லர், தூண்டிற்காரரே. ஆங்கிலத்தில் ‘ஃபிளை ஃபிஷிங்’ என்று வழங்கும் இறகுத் தூண்டிற்கலையை எடுத்துக்கொள்க. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னர், மக்கெதோனிய ஆற்று மீனவர் செந்நிறக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை ஈலியன் என்னும் உரோம எழுத்தாளர் பதிவு செய்துள்ளார். ஆற்றில் பிறந்த அக்கலை பிற்காலத்தில் கடலுக்கு வந்தது. பெலீஸ், செய்செல்ஸ், பசிபிக்கின் கிரிட்டிமாட்டி முதலிய வெப்பமண்டலத் தீவுகளிலும் கரைகளிலும் முழங்கால் ஆழ நீரில் நடந்து சென்று மீனைத் தேடுகின்றனர். இறகு கட்டிய முள்ளுக்கு எடையில்லை. கனத்த கயிறே அதனை ஏந்திச் செல்கிறது. முதலில் மீனைக் காண வேண்டும். அதன் பின்னரே வீச வேண்டும். காணத் தெரியாதவனுக்கு அக்கலையில் இடமே இல்லை.

காண்பதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவின் முதற்பாடம் ஓதம். நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றும் கடல், நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாழ்ந்து வருகிறது. ஏறும் நீரோடு மீன் திடலின்மேல் வந்து நண்டும் இறாலும் புழுவும் தின்கிறது. வற்றும் நீரோடு கழி வழியே ஆழத்திற்குத் திரும்புகிறது. எந்தக் கழியின் வாயில், எந்த நேரத்தில் மீன் வரும் என்பதை அறிந்தவனே தூண்டிற்காரன். செம்பவாங்கின் நீர் தெளிந்த நீர் அன்று. ஆங்கு மீனைக் காண்பதும் அரிது. ஆயினும் அந்நீரை ஆள்வதும் அதே ஓதந்தான். பூங்காவின் படகுத்துறையில் நின்று தூண்டிலிடும் எளிய மக்கள் இதனை எந்த நூலிலும் படித்தவர் அல்லர், அறிந்தவர்.

முழுநிலா நாளிலும் காருவா நாளிலும் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகுதியாகும். சிங்கப்பூரில் அது மூன்று மீட்டர் அளவை எட்டும். பட்டினப்பாலையின் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடி மகிழ்ந்தனர். அந்நாளில் கடல் எவ்வாறு இருக்கும் என்று எந்த வகுப்பிலாவது ஒரு வினா எழுந்ததுண்டா? கழி, கண்டல், எக்கர், அளறு, அலவன், ஓதம் என்னும் சொற்கள் சங்க நெய்தற் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. “கழி என்றால் உப்பங்கழி” என்று கரும்பலகையில் எழுதியதோடு கடமை முடிந்துவிடுகிறது. தெரியாத சொல்லுக்குத் தெரியாத சொல்லே பொருளாகிறது! கண்டல் என்பது காத்திப் போங்சுவில் சேற்றில் வேரூன்றி நிற்கும் அதே மரக்கூட்டந்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி ஏன் கிடைப்பதில்லை?

“தூண்டிலிடுவது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு, செல்வர் விளையாட்டு” என்பர் சிலர். தொலைதூரத் தீவுகளுக்குப் பறந்து சென்று மீன் தேடுவது செல்வர்க்கே இயலும் என்பது உண்மை. ஆனால் ஓதத்தை அறிவதற்குக் காசு வேண்டியதில்லை. அம்மூவனார் ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறும் பாடினார். அவர் பாடியது செல்வர் விளையாட்டை அன்று.

“கொல்லாமை பேசிய வள்ளுவர் வழியினர் மீன்பிடிப்பைப் போற்றலாமா?” என்பர் வேறு சிலர். இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. இறகுத் தூண்டிற்காரருள் பலர் முள்ளின் எதிர்க்கூரை மழுக்கி, பிடித்த மீனை நீரிலேயே வைத்து விடுவிக்கின்றனர். பெலீஸ் நாடு 2009-இல் போன்ஃபிஷ், பெர்மிட், டார்பன் ஆகிய மூவகை மீன்களையும் பிடித்தால் விடுவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்தது. எனினும் விடுவிக்கப்பட்ட மீனும் சோர்ந்துதான் செல்கிறது. சில இறத்தலும் கூடும். ஆகவே மாணவர் கையில் தூண்டிலைக் கொடுக்குமாறு எவரும் கேட்கவில்லை. தூண்டிற்காரனின் கண்ணைக் கொடுங்கள் என்பதே கேள்வி. சூதைக் கடிய வந்த வள்ளுவர் தூண்டில் முள்ளை இரையென்று விழுங்கும் மீனை உவமையாக்கினார். அவருக்கு அந்தக் கண் இருந்தது.

“பாடத்திட்டத்தில் இதற்கு நேரமில்லை, தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை” என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே மிகப் பெரிய மறுப்பு. மிகச் சோம்பலான மறுப்பும் இதுவே. ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் ஒரு மாலையில் மாணவரைச் செம்பவாங் கரைக்கு அழைத்துச் செல்ல எத்தனை மணி நேரம் ஆகும்? சேற்றில் இறங்க வேண்டியதில்லை. பூங்காக் கரையிலும் படகுத்துறையிலும் நின்றாலே போதும். அங்கு எற்பாட்டுப் பொழுது பாடநூலில் இல்லை, வானத்தில் இருக்கும். ஒவ்வொரு மாணவனும் கண்டதைக் கழி, ஓதம், அலவன், எக்கர் என்னும் சொற்களால் பத்து வரி எழுதட்டும். அப்பத்து வரி, ஒப்பித்த நூறு வரிக்கு மேலானது.

இதில் இழப்பதற்குப் பெரிதும் உண்டு. 1960-களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த இந்நாட்டின் பரப்பு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. கூடிய நிலமெல்லாம் கடலிலிருந்து வந்தது. அதனால் மறைந்த திடல்களும் கண்டற்காடுகளும் பல. புலாவ் உபினின் செக் ஜாவா திடலும் மண்ணிட்டு மூடப்படவிருந்தது. 2001-இல் மக்கள் திரளாகச் சென்று அதனைக் கண்டனர். ஆர்வலர் அங்குள்ள உயிர்களைப் பெயர் சொல்லிப் பதிவு செய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பெயர் அறிந்த ஒன்றைத்தான் மனிதன் காக்க முன்வருவான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஈராயிரம் ஆண்டுகளாகக் கரைக்கும் சேற்றுக்கும் நண்டுக்கும் பெயர் வைத்துக் காத்த மொழி தமிழ். அப்பெயர்களை மனப்பாடப் பட்டியலில் அடைத்துவிட்டு, அவை சுட்டும் பொருள்களை வேற்றுமொழிப் பெயர்களால் மட்டுமே அறியும் தலைமுறையை உருவாக்குவது தமிழ்த்தொண்டு ஆகாது. சொல்லைக் காப்பவர் பொருளையும் காட்டுதல் வேண்டும். அப்பொருள் செம்பவாங்கில், பேருந்து செல்லும் தொலைவில், ஒவ்வொரு நாளும் இருமுறை நீருக்கு மேலே வந்து தமிழாசிரியருக்காகக் காத்துக் கிடக்கிறது.