ஒருவரையும் ‘தே’ எனலாம்

‘எவ்ரிஒன் லவ்ஸ் தேர் மதர்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், ‘தேர்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘ஹிஸ்’ என்று சிவப்பு மையில் திருத்தும் வழக்கம் நம் ஆங்கில வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. ‘எவ்ரிஒன்’ ஒருமை, ‘தே’ பன்மை, இரண்டும் ஒட்டாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அண்மையில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஒருவரை ‘தே’ என்று சொல்வது பாலினம் பற்றிய இக்கால விவாதங்களில் பிறந்த புதுப் பழக்கம், அதற்காக ஆங்கில இலக்கணத்தையே வளைக்கிறார்கள் என்கிறார்கள். ஆங்கிலம் நன்கு படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். இரண்டு காரணங்களுமே நிற்காது.

முதலில் ‘புதுசு’ என்ற வாதம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘வில்லியமும் ஓநாய் மனிதனும்’ என்ற செய்யுட்கதை 1375 வாக்கில் எழுதப்பட்டது. அதில் ‘ஒவ்வொருவனும்’ என்று ஒருமையில் தொடங்கும் வாக்கியம் ‘தே’ என்று முடிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் மிகப் பழைய சான்று இது. அதன்பின் சாசரிடமும் ஷேக்ஸ்பியரிடமும் இந்த ஆட்சி உண்டு. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் மத்தேயு 18:35ஐப் பார்க்கலாம். ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நல்ல எழுத்தாளர்கள் கைவிடாத ஒன்றைப் புதுமோகம் என்பது நியாயமில்லை.

அந்தச் சொல்லின் பிறப்பையும் சொல்ல வேண்டும். ‘தே’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே அல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்கள்’ மூன்றுக்கும் இருந்த சொற்கள் எல்லாம் ஹகரத்தில் தொடங்கின. காலப்போக்கில் அவற்றின் ஒலிகள் நெருங்கி, வேறுபாடு மங்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சிலிருந்த பன்மைச் சொல் அங்கே வேரூன்றி, மெல்லத் தெற்கே பரவியது. வந்தபோதும் குடும்பமாக ஒரே நாளில் வரவில்லை. சாசர் எழுவாயாக ‘தே’யை ஏற்றுக்கொண்டார், ‘அவர்களை’, ‘அவர்களுடைய’ என்பவற்றுக்குப் பழைய ‘ஹெம்’, ‘ஹிர்’ ஆகியவற்றையே வைத்திருந்தார். இன்று பேச்சில் ஒலிக்கும் ‘எம்’ என்ற வடிவத்தை ‘தெம்’மின் சிதைவு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அந்தப் பழைய ‘ஹெம்’ விட்டுச்சென்ற எச்சம். இப்படி உருவான ஒரு சொல்லுக்கு மாறாத ஒரே எல்லை எப்போதும் இருந்தது என்று எப்படிச் சொல்வது?

‘ஹி’ என்றாலே இருபாலரும் அடக்கம், பிறகு ‘தே’ எதற்கு என்பது அடுத்த வாதம். இந்த விதி தானாக விளைந்ததல்ல, நூல்களில் வகுக்கப்பட்டது. 1745இல் நியூகாசில் பள்ளி ஆசிரியை ஆன் ஃபிஷரின் இலக்கண நூல் அதைச் சொல்லியது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்று சட்டமே இயற்றியது. ஆனால் உரிமை என்று வந்தபோது நடந்தது வேறு. 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வாக்குரிமையை ஆண்பாற் சொல்லில் எழுதியிருந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி, அந்தச் சொல்லில் நாங்களும் அடக்கம்தானே என்று மான்செஸ்டரின் ஆயிரக்கணக்கான பெண்கள் கேட்டார்கள். 1868இல் நீதிமன்றம் இல்லை என்றது. அமெரிக்காவில் 1872இல் வாக்களித்ததற்காக வழக்கைச் சந்தித்த சூசன் பி. ஆந்தனி இதே முடிச்சைப் பிடித்தார். வரிச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் இருக்கும் ‘ஹி’ பெண்ணைக் கட்டுப்படுத்துமானால், வாக்குச் சட்டத்தின் ‘ஹி’ மட்டும் ஏன் அவளை விலக்க வேண்டும் என்று மேடைகளில் கேட்டார். தண்டிக்கும்போது பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, உரிமை தரும்போது விட்டுவிடும் சொல்லைப் பொதுச்சொல் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஒருவரைக் குறிப்பதென்றால் ‘தே இஸ்’ என்றல்லவா வர வேண்டும், ‘தே ஆர்’ எப்படிச் சரியாகும் என்று மடக்குவோரும் உண்டு. இதற்குப் பதில் ‘யூ’வில் இருக்கிறது. ‘யூ’ முன்பு பன்மை. ஒருவரைப் பார்த்துப் பேச ‘தௌ’ இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கி, கடைசியில் ‘தௌ’ வழக்கொழிந்தது. குவேக்கர் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒருவருக்கு ‘யூ’ சொல்வது பிழை என்று கொதித்து, 1660இல் ஒருமை பன்மை பற்றித் தோழர்களோடு சேர்ந்து ஒரு நூலே வெளியிட்டார். இன்று ஒருவரைப் பார்த்து ‘யூ ஆர்’ என்கிறோம். ‘யூ இஸ்’ என்று யாரும் திருத்துவதில்லை.

தமிழருக்கு இது விளங்காத செய்தியுமல்ல. ‘அவர்’ பலர்பாற் சொல். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உயர்வு கருதி வருவது, இலக்கண நெறியில் வருவதன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே பிரித்துக் காட்டினார். காட்டினாரே தவிர, வழக்கைத் துரத்தவில்லை. ‘அவர் வந்தார்’ என்று ஒருவரைச் சொல்லும் நம் வாக்கியம் அன்றைய கணக்கில் பன்மை. ‘அவர்’ ஒருவருக்குப் போனதால் பலருக்குக் ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்றோம். ‘யூ’ ஒருவருக்குப் போனதால் அமெரிக்கத் தென்மாநிலத்தார் பலருக்கு ‘யூ ஆல்’ என்றார்கள்.

குழப்பம் வரும் என்ற அச்சம் முழுக்கப் பொய்யல்ல. ஒரே பத்தியில் ஒருவரும் பலரும் வந்தால் ‘தே’ யாரைச் சுட்டுகிறது என்று வாசகர் தடுமாறக்கூடும். அப்போது பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டும், அல்லது வாக்கியத்தைப் பிரித்து எழுத வேண்டும். இரண்டு ஆண்கள் வரும் பத்தியில் ‘ஹி’யாலும் இதே தடுமாற்றம் வரும். அதற்காக ‘ஹி’யை யாரும் விலக்கச் சொல்வதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரென்று தெரியாத ஒருவரை, அல்லது ‘எவ்ரிஒன்’ போன்ற பொதுச்சொல்லைத் ‘தே’யால் சுட்டுவதுதான் பழையது. பெயர் தெரிந்த ஒருவர், ஆண் பெண் என்ற இரண்டிலும் அடங்காதவராகத் தம்மை உணர்ந்து, தம்மைத் ‘தே’ என்று குறிக்கக் கேட்பது அண்மைக்கால வழக்கம். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019 செப்டம்பரில்தான் இந்தப் பொருளைச் சேர்த்தது. அவ்வாண்டின் சொல்லாகவும் ‘தே’யையே அறிவித்தது. ஆனால் அந்த மனிதர்கள் கேட்பது புதிதாகச் செய்த சொல்லை அல்ல. சார்ல்ஸ் கன்வர்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 19ஆம் நூற்றாண்டில் ‘தான்’ என்றொரு பொதுப்பாற் சொல்லை உருவாக்கினார். சில அகராதிகளில் இடம்பெற்றும் அது பேச்சில் ஏறவே இல்லை. ‘தே’ ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருந்தது.

ஆகவே ஆசிரியர்கள் அந்தத் ‘தேர்’ஐ அடிக்க வேண்டாம். அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் 2017இல் கட்டுப்பாடுகளோடு இதற்கு இடம் கொடுத்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டுக் கையேடு ஆய்வுக் கட்டுரைகளிலேயே இதை எழுதச் சொல்கிறது. ‘தெம்செல்ஃப்’ என்ற ஒருமை வடிவம் மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது. அதுவும் பழைய சொல்தான். ‘தெம்செல்வ்ஸ்’ 16ஆம் நூற்றாண்டில் மேலெழுந்து அதை ஒதுக்கியது. இப்போது அது அச்சில் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.