எப்போனின்: அருகி வழங்கும் பிரெஞ்சுப் பெண்பெயர் ஒன்றும் பெயராய்வின் எல்லையும்

ஒரு பெயர் பலராலும் அறியப்பட்டிருப்பதும் அது பிறக்கும் குழந்தைகளுக்கு இடப்படுவதும் வெவ்வேறு நிகழ்வுகள். பெயராய்வுகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்கின்றன. புகழ்பெற்ற பெயர் பரவலாக வழங்கும் என்பதும் அருகி வழங்கும் பெயர் அறியப்படாதது என்பதும் சான்று தேடாத எடுகோள்களாகவே நின்றுவிட்டன. இவ்வெடுகோளை அசைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற பெயர்களுள் ஒன்று ‘எப்போனின்’ என்னும் பிரெஞ்சுப் பெண்பெயர். விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட ‘லே மிசெராப்ல்’ புதினத்தைப் படித்தோரும் அதன் இசைநாடக வடிவத்தைக் கண்டோருமாகிய கோடிக்கணக்கானோர் இப்பெயரை அறிவர். எனினும் பிரான்சில் இப்பெயர் பூண்ட பெண்ணைக் காண்பது அரிது.

பெயரின் தோற்றம் புதினத்தினும் மிகத் தொன்மையானது. கி.பி. 69-70இல் உரோமப் பேரரசுக்கு எதிராகக் காலியப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியில் லிங்கோன் குடியைச் சேர்ந்த சூலியஸ் சபினஸ் என்பவன் தன்னைச் சீசர் என அறிவித்துக்கொண்டான். தோல்வியுற்றபின் தன் மாளிகைக்குத் தீயிட்டு, அதில் மாண்டுவிட்டதாக உலகை நம்பச் செய்து நிலவறையில் ஒளிந்துகொண்டான். அவன் மனைவி வெளியுலகிற்குக் கைம்பெண்ணாகவும் நிலவறையில் மனைவியாகவும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே இரு ஆண்மக்களைப் பெற்றாள். இறுதியில் இருவரும் பிடிபட்டு உரோமிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, வெஸ்பாசியன் ஆட்சியின் இறுதியில் கொலைத்தண்டனை பெற்றனர். அப்பெண்ணின் பெயரை டாசிட்டஸ் ‘எப்பொனினா’ என்கிறார். அவள் கதையைப் பின்னர் உரிய இடத்தில் கூறுவதாக அவர் உரைப்பினும் அப்பகுதி இன்று கிடைக்கவில்லை. கிரேக்க மொழியில் எழுதிய புளூட்டார்க் அவளை ‘எம்போனா’ என்றும் தியோ காசியஸ் ‘பெப்போனிலா’ என்றும் குறிக்கின்றனர். ஒரே பெண்ணுக்கு மூன்று நூல்களில் மூன்று வடிவங்கள். ஏடு பெயர்த்தெழுதுவோரால் பெயர்கள் திரிந்த வரலாற்றை நன்கறிந்த தமிழ்ப் பதிப்பாய்வாளர்களுக்கு இந்நிலை வியப்பளிக்காது.

வேர்ச்சொல் ஆய்வு இவ்விடத்தில் ஓரளவு கைகொடுக்கிறது. காலிய மொழியில் ‘எபோஸ்’ என்பது குதிரையைக் குறிக்கும். இலத்தீன் ‘எக்குவுஸ்’, வடமொழி ‘அசுவ’ ஆகியவற்றின் இனச்சொல் அது. உரோமக் குதிரைப்படையினரும் வணங்கிய ‘எபோனா’ என்னும் குதிரைத் தெய்வத்தின் பெயரும் இவ்வேரிற் பிறந்ததே. எப்பொனினா என்பதையும் இவ்வேருடன் பொருத்துவது வழக்கம். அதில் பகரம் இரட்டித்து நிற்பதைச் செல்லப்பெயர்களில் வரும் இரட்டிப்பு எனக் கொள்ளலாம். புளூட்டார்க்கோ அப்பெயர் காலிய மொழியில் வீரப்பெண் என்னும் பொருளுடையது என்கிறார். குதிரைக்கும் வீரப்பெண்ணுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. சொல்லின் பொருளைக் கேட்டறிந்து கூறினார் என்பதைவிட, அப்பெண்ணின் வாழ்க்கையைப் பெயரின் பொருளாக ஏற்றிவிட்டார் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அவ்வாறாயின், பெயரைவிட்டுப் பெயருடையாளின் கதை பொருளாகிவிடும் நிகழ்வு முதல் நூற்றாண்டினருகிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

நன்னூலார் வழிநின்று இப்பெயரை இடுகுறியா காரணமா என வினவினால் விடை காலந்தோறும் மாறுகிறது. காலிய மொழி வழக்கொழிந்தபின் ‘எப்போனின்’ பிரெஞ்சுக்காரர்க்கு வேர்ப்பொருள் விளங்காத இடுகுறி. ஆயினும் கற்றோர்க்கு அது கதையால் வந்த காரணப்பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் சபினஸ் வரலாறு ஐரோப்பிய அரங்கிற்கு உவப்பான கருப்பொருளாயிற்று. 1773இல் கோசெக் இசையமைத்த ‘சபினஸ்’ வெர்சாயில் அரங்கேறியது. 1781இல் இத்தாலியில் சார்த்தியின் ‘ஜூலியோ சபினோ’ தோன்றியது. புரட்சிக்காலத்தில் தெலில் த சால் தம் அரசியல் நூல் ஒன்றுக்கே எப்போனின் எனப் பெயரிட்டார். 1859இல் வெளிவந்து ஹியூகோவுக்குப் படைக்கப்பட்ட பொதலேரின் மூதாட்டியர் பற்றிய கவிதையிலும் எப்போனின் என்னும் பெயர், லாயிஸ் என்னும் பழங்காலக் கணிகையின் பெயரோடு இணைத்து எதிர்நிறுத்தப்படுகிறது. ஹியூகோவின் புதினம் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் அப்பெயர் கற்புடை மனைவியின் குறியீடாகவே நின்றது என்பதற்கு இது போதிய சான்று.

இத்தகைய புகழிருந்தும் பெயர் வழக்கிற்கு வராமைக்குச் சட்டத்தடை காரணமன்று. 1803 ஏப்ரலில் (புரட்சி நாட்காட்டியின்படி பதினோராம் ஆண்டு) இயற்றப்பட்ட சட்டம், நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டை வரலாற்றில் அறியப்பட்டோர் பெயர்களையும் மட்டுமே பிறப்புப் பதிவிற்கு ஏற்றது. சமயச் சார்பில் நோக்கினால் எப்போனினுக்கு இடமில்லை. அவள் கிறித்தவப் புனிதையல்லள், அவளுக்குரிய திருநாளும் இல்லை. ஆனால் சட்டத்தின் இரண்டாம் பிரிவு அவளுக்கெனவே எழுதப்பட்டது போல் அமைந்திருக்கிறது. திருநாளற்ற பெயரைக் குடும்பங்கள் தயங்கி ஒதுக்கியிருக்க வேண்டும். சட்டம் திறந்த கதவை வழக்கம் மூடியது.

இச்சூழலில்தான் ஹியூகோவின் தேர்வு நோக்கத்தக்கது. புதினத்தின் முதற்பகுதியில், மோன்பெர்மெய் ஊர் விடுதிக்காரர் தெனார்டியேயின் மனைவி மலிவான காதற்புதினங்களில் மூழ்கியவளாகக் காட்டப்படுகிறாள். அப்படிப்பின் பயனாகவே மூத்த மகள் எப்போனின் ஆகிறாள். இளையவள் குல்னார் ஆகாமல் மயிரிழையில் தப்பி, டுக்ரே டுமினில் எழுதிய புதினம் ஒன்றின் தயவால் அசெல்மா ஆகிறாள். இதைக் கூறியபின் ஹியூகோ கதையை நிறுத்திப் பெயரிடல் பற்றிய தம் கருத்தை முன்வைக்கிறார். மாடு மேய்க்கும் சிறுவன் ஆர்தர், ஆல்பிரட் என அழைக்கப்படுவதும் உயர்குடிப் பிரபு தோமா, பியேர் என அழைக்கப்படுவதும் நகைப்பிற்குரியவை மட்டுமல்ல. சமத்துவம் என்னும் புதுக்காற்று பெயர்களுக்குள்ளும் புகுந்ததன் அடையாளங்கள் என்பது அவர் கருத்து. பெயர்வழக்கை வகுப்பு மாற்றத்தின் சான்றாகக் கொள்ளும் இப்பார்வை, பெயரியல் ஒரு துறையாக உருப்பெறும் முன்னரே ஒரு புதினத்தின் ஓரத்தில் எழுதப்பட்டது. ஆய்வாளர்கள் கதாபாத்திரங்களை மட்டும் கண்டு இப்பத்தியைக் கடந்துவிடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. தெனார்டியே மனைவிக்கு எப்போனின் என்பது புதினப் பகட்டு. ஹியூகோவுக்கோ டாசிட்டஸ் வழிவந்த பெயர். ஒரே ஒலிக்கோவையைத் தாய் ஒரு பொருளிலும் ஆசிரியர் மற்றொரு பொருளிலும் வழங்குகின்றனர். தொடக்கத்தில் பட்டாடை உடுத்திக் கோசெத்தை ஒதுக்கிய சிறுமி, பின்னர்ப் பாரிசின் சேரியில் கிழிந்த உடையும் கரகரத்த குரலுமாக வருகையில் பெயர் அவளை எள்ளுவது போலிருக்கிறது. 1832 சூன் கிளர்ச்சியின் தடுப்பரணில் ஆணுடை அணிந்து நின்று மாரியுஸின் மேல் பாயவிருந்த குண்டைத் தன் கையால் மறித்து அவள் இறக்கும்போது, பழைய காலியப் பெண்ணின் பெயர் மீண்டும் பொருந்திவிடுகிறது. ஆனால் அவள் மனைவியல்லள்; காதலிக்கப்பட்டவளும் அல்லள். கணவனோடு மாண்டவளின் பெயர், தன்னை விரும்பாதவனுக்காக மாண்டவளின் பெயராயிற்று. ஈராயிரம் ஆண்டு வரலாற்றில் இப்பெயரின் பொருளில் நேர்ந்த பெருமாற்றம் இதுவே. வேர்ச்சொல் அகராதி எதிலும் இதற்கு இடமிராது.

புதினத்தின் பெரும்புகழுக்குப் பின்னும் பெயர் பரவவில்லை. அதே நூலின் கோசெத், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்சில் ஓரளவேனும் வழங்கியது. எப்போனின் அந்நிலையையும் எட்டவில்லை. பெயர்த்தேர்வு நெறிகள் 1966இல் தளர்ந்து, 1993 சனவரிச் சட்டத்தால் முன்னொப்புதல் முறையே நீங்கியபின், பழம்பெயர்களும் புதுப்புனைவுகளும் பிரெஞ்சுப் பதிவேடுகளில் பெருகின. 1980இல் பாரிசிலும் 1985இல் இலண்டனிலும் அரங்கேறிய இசைநாடகம் எப்போனினுக்குத் தனிப்பாடல் வழங்கி அவளைக் கோசெத்தினும் விரும்பப்படும் பாத்திரமாக்கியது. அவளை எண்ணி அழுதோர் பலர். தம் மகளுக்கு அப்பெயரிட்டோர் மிகச் சிலர். பெற்றோர் பெயரைத் தேரும்போது இரக்கத்திற்குரிய வாழ்வையன்று, நற்பேறு வாய்த்த வாழ்வையே தேர்கின்றனர் எனக் கருத இடமுண்டு. துன்புற்று மீண்டு மணம்புரிந்து வாழும் கோசெத்தின் பெயர் ஏற்கப்பட்டதும் இக்கருத்திற்கு அரண் செய்கிறது. பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனம் 1900 முதலான பெயர்ப்பட்டியலில் குறிப்பிட்ட அளவிற்குக் குறைந்து வழங்குவனவற்றை ‘அரிய பெயர்கள்’ என ஒரே தொகுதியில் அடக்கிவிடுகிறது. எண்ணிக்கையை மட்டும் நம்பும் ஆய்வாளர்க்கு இவ்வகைப் பெயர்கள் கண்ணிற்படுவதே இல்லை.

இப்புதினப் பெயர்கள் தமிழிலும் ஒரு சுவடு பதித்துள்ளன. கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கிய இந்நூல், அதே பெயரில் 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. அதில் காவல் ஆய்வாளர் ஜாவராக நடித்த சீதாராமன், வாழ்நாள் முழுதும் ‘ஜாவர் சீதாராமன்’ என்றே அழைக்கப்பட்டார். ஹியூகோ படைத்த நூற்றுக்கணக்கான பெயர்களுள் தமிழர் ஒருவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது, இரக்கமறியாத காவலனின் பெயர். மக்கள் தாமே சூட்டும் பட்டப்பெயருக்கும் பெற்றோர் இடும் பெயருக்கும் தேர்வுநெறி வேறு என்பதை இது காட்டுகிறது. முன்னது நினைவில் நின்ற நடிப்பைப் பற்றுகிறது. பின்னது வாழ்த்தை நாடுகிறது. தமிழ்ப் பெயராய்வுகள் வேர் கண்டவுடன் நிறைவடையாமல், இடப்பட்ட பெயர், பட்டப்பெயர், கதைப்பெயர் எனப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வூர்ப் பிறப்புப் பதிவேட்டில், எந்நூல் வெளிவந்த பின்னர்த் தென்படுகிறது எனத் தேடுதல் வேண்டும்.

எழுத்துமுறை பற்றியும் ஒன்று கூறலாம். பிரெஞ்சில் இப்பெயரின் பகரம் ஒற்றையே. தமிழில் ‘எபோனின்’ என்றெழுதினால் உயிரிடைப்பட்ட அவ்வல்லெழுத்து மெலிந்தொலிக்கும். எனவே ஒற்றிட்டு ‘எப்போனின்’ என எழுதவேண்டியுள்ளது. டாசிட்டஸ் எழுதி, பிரெஞ்சு கைவிட்ட இரட்டைப் பகரம் தமிழ் எழுத்தில் மட்டும் மீண்டிருக்கிறது.