தம்பிகளின் கணக்கு

பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் பொறியாளர் படையின் பயிற்சி மையம் உள்ளது. 1780இல் வேர்விட்ட இந்தப் படையின் வீரர்களை ராணுவமே 'தம்பி' என்றுதான் அழைக்கிறது. அங்கே சேர வரும் இன்றைய தம்பிகளுக்கு 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் ஆள்சேர்ப்புத் திட்டத்தின் குறைகள் தெரியாதவை அல்ல. பணி 4 ஆண்டு, ஓய்வூதியம் கிடையாது, நிரந்தரமாகத் தொடர 25 சதவீதம் பேருக்கு மட்டுமே வாய்ப்பு.

பிறகு ஏன் வருகிறார்கள்? மழையை நம்பிய நிலம், அக்காவின் கல்யாணக் கடன், தாத்தா அணிந்த சீருடை, ஊரில் கிடைக்காத மரியாதை. பெண்களும் வருகிறார்கள்: ராணுவக் காவல் பிரிவின் முதல் பெண் அணியினர் 83 பேர் 2021 மே மாதம் இதே நகரில் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். அதுவரை வீரர்களாகச் சேரப் பெண்களுக்கு மூடியிருந்த கதவு அது. இந்தக் காரணங்களை வெறும் சம்பள ஆசை என்று இகழ்வது அநியாயம். எல்லாவற்றையும் தேசபக்தி என்று மட்டும் புகழ்ந்து குறைகளை மறைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்து பணியில் உயிரிழக்கும் அக்னிவீரர் குடும்பத்துக்கும் வழக்கமான ஓய்வூதியம் வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2024இல் பரிந்துரைத்தது. அதை அரசு முழுமையாக நிறைவேற்ற வேண்டும். 4 ஆண்டு முடித்துத் திரும்புவோருக்கு வேலை உறுதியையும் சட்டமாக்க வேண்டும்.