குடிக்கப் போக வெட்கமில்லை... விடப் போக மட்டும் வெட்கமா?

அன்னவாசல்:
டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னாடியே வாசலில் ஆள் நிற்கும். மாமன் பார்க்கிறான், மச்சான் பார்க்கிறான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நிற்கிறவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

அதே ஆளிடம், "குடியை விட்டவங்க ஒண்ணாக் கூடுற இடம் இருக்குண்ணே, ஒரு தடவை வந்து பாருங்க" என்று சொல்லுங்கள். "யாராவது பார்த்தா என்னப்பா நினைப்பாங்க?" என்பார்!

கேட்கச் சிரிப்பாக இருக்கும். அவர் வீட்டு அடுப்பைப் பார்த்தால் சிரிப்பு வராது.

இரண்டு பேர் பேசிய பேச்சு

அந்த இடத்துக்குப் பெயர் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. சுருக்கமாக ஏ.ஏ. பெயரை வெளியில் சொல்லாத குடிநோயாளிகள் என்று அர்த்தம்.

1935-ல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் இது பிறந்தது. பங்கு வியாபாரத்தில் இருந்த பில் வில்சன் குடியை விட்டு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலையாக அந்த ஊருக்கு வந்தார், வந்த காரியம் கைகூடவில்லை. 'மறுபடியும் குடித்துவிடுவோமோ' என்ற பயம் வந்தது. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று ஆள் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித், ஆபரேஷன் செய்யும் டாக்டர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். சில வாரங்களில் டாக்டரும் குடியை விட்டார்.

அவ்வளவுதான் சங்கதி. கட்டடம் இல்லை, கொடி இல்லை, தலைவர் இல்லை. 1957-ல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

கூட்டத்தில் என்ன நடக்கிறது? நாற்காலியைப் போட்டு உட்காருகிறார்கள். ஒருவர் தன் கதையைச் சொல்கிறார். மற்றவர்கள் கேட்கிறார்கள். சந்தா கிடையாது. விருப்பப்பட்டவர் போடும் காசில்தான் செலவு. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

"பேசினா குடி போயிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 10,000 பேருக்கு மேல் பங்குகொண்ட 27 ஆராய்ச்சிகளை ஒன்றாக அலசி, 2020-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். முறையாக ஏ.ஏ. வழியில் சேர்த்துவிடப்பட்டவர்கள், மற்ற ஆலோசனை சிகிச்சை பெற்றவர்களைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் முன்னே நிற்கிறார்கள் என்பதுதான் அது.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமைகூட வரலாம். உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம்.

ஊரே பார்க்குதே!

சென்னையில் கூட்டத்துக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. அன்னவாசலில் அப்படியா? டீக்கடை மாஸ்டர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் போதாதுதான்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அவர் குடிப்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். தாலிக்கொடி எந்த அடகுக்கடையில் இருக்கிறது என்பதும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று, அவர் விட நினைக்கிறார் என்பது. அது தெரிந்தால் மானம் போகாது, வரும்!

இன்னொரு தொல்லை தூரம். புதுக்கோட்டைக்கு சுமார் 18 கிலோமீட்டர். நாள் பூராவும் மண்வெட்டி பிடித்தவர், பஸ்சுக்குக் காசு கொடுத்து, வழியில் உள்ள கடைகளையும் தாண்டி வாரா வாரம் போய் வருவாரா? இரண்டு வாரம் போவார், மூன்றாவது வாரம் நின்றுவிடுவார்.

நோயாளி வர முடியாவிட்டால் வைத்தியம்தான் ஊருக்குப் போக வேண்டும். சென்னையின் டி.டி.கே. மருத்துவமனை 1989-ல் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டது. ஊர்க்காரர்களே கைகொடுத்தார்கள்.

அன்னவாசலிலும் முடியும். வேண்டியது என்ன? குடியை விட்ட இரண்டு பேர், வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு அறை. பள்ளிக்கூடமோ, கோவில் மண்டபமோ, பள்ளிவாசல் திண்ணையோ, சர்ச் வராந்தாவோ, எதுவானாலும் சரி. ஊர்ப் பெரியவர்கள் சாவியைக் கொடுக்கட்டும். விலாசம் கேட்காமல் இருக்கட்டும். மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் 'அல்-அனான்' என்று தனிக் கூட்டமே உண்டு. புருஷன் வராவிட்டாலும் அவர்கள் போகலாம்.

எங்கே விசாரிப்பது? மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம்.

பக்கத்தில் சித்தன்னவாசல் மலை இருக்கிறது. ஏழடிப்பட்டம் குகையில் சமண முனிவர்கள் வெட்டி வைத்த கற்படுக்கைகள் வரிசையாகக் கிடக்கின்றன. எல்லா ஆசையையும் விட்ட முனிவர்களே ஒருவர் பக்கத்தில் ஒருவராகத்தான் படுத்தார்கள். ஒரே ஒரு ஆசையை விட நினைக்கும் சாதாரண மனுஷன், தனியாகக் கிடந்து ஏன் போராட வேண்டும்?

யாராவது பார்த்தால் பார்க்கட்டும்! இன்றைக்குப் பார்க்கிறவர், நாளைக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரலாம்.